மணி அடித்துத் தொடங்கும் கூட்டம்

ஜூலை பிறந்தால் தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்களில் ஓட்டல் மாடி அரங்குகளுக்குத் தனிக் களை வந்துவிடும். வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கோட்டு அணிந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே மேடையில் ஒரு பித்தளை மணியும் சிறிய மரச் சுத்தியலும் இருக்கும். பழைய தலைவர் மணியை ஒரு தட்டுத் தட்டிக் கூட்டத்தைத் தொடங்குவார். சற்று நேரத்தில் தன் கழுத்தில் தொங்கும் பட்டயங்கள் கோத்த காலரைக் கழற்றிப் புதிய தலைவருக்கு அணிவிப்பார். மேடை ஓரத்தில் ரோஜாச் சரம் சுற்றிய இரண்டு தையல் இயந்திரங்கள் காத்திருக்கும். அவற்றைப் பெற வந்த பெண்கள் முதல் வரிசையின் கடைசி நாற்காலிகளில், கையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது பெயர் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் ஏழெட்டுப் பேர் பேசி முடிக்க வேண்டும். பேசுபவர் ஒவ்வொருவரும் எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘ரொட்டேரியன்’ என்றோ ‘அரிமா’ என்றோ மறக்காமல் சேர்ப்பார். பிறகு சாப்பாடு.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஊரில் பலரும் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த மணி, சுத்தியல், காலர், பட்டம் எல்லாவற்றுக்கும் பின்னால் நூறு ஆண்டைத் தாண்டிய கதை ஒன்று உண்டு. அது தொடங்கிய இடத்தில் சேவை என்ற சொல்லே இல்லை.

1905 பிப்ரவரி 23. சிகாகோவின் டியர்பார்ன் தெருவில் யூனிட்டி கட்டடம், 711-ஆம் எண் அறை. சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயரின் அலுவலகம் அது. அன்று மாலை அங்கே கூடியவர்கள் நான்கு பேர்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், தையல்கடைக்காரர் ஹைரம் ஷோரி, அறைக்குச் சொந்தக்காரரான லோயர். கூட்டியவர் ஹாரிஸ். வெர்மான்ட் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அந்த ஊரில் எதிரே வருகிற எவரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். சிகாகோவிலோ ஞாயிற்றுக்கிழமை பொழுது போவதே அவருக்குப் பெரும்பாடு. நகரத்துக்குப் பிழைக்க வந்த தனி மனிதனின் தவிப்பு அது. மேன்ஷன் அறையில் ஒரு தீபாவளியைக் கழித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் கண்ட வழி எளிமையானது. தவறாமல் கூடுவது. ஒரு முறை ஒருவர் அலுவலகம், மறுமுறை இன்னொருவர் அலுவலகம் என்று இடத்தைச் சுழற்றுவது. அந்தச் சுழற்சியால் வந்த பெயர்தான் ரோட்டரி. தமிழில் சிலர் ‘சுழற்சங்கம்’ என்று எழுதியது அதனால்தான். அடுத்துச் சேர்ந்த ஹாரி ரகில்ஸ் அச்சகம் நடத்தியவர். கூட்டத்தில் பாட்டுப் பாடும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் அவர்தான்.

ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டும் என்பது ஆரம்பத்திலேயே வந்த விதி. ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு ஜவுளிக்கடைக்காரர். போட்டியாளர் யாரும் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதால் மனம்விட்டுப் பேசலாம். இன்னொரு வசதியும் இருந்தது. சங்கத்துக்குள்ளேயே வியாபாரம் நடக்கும். தையல்காரரிடம் வக்கீல் கோட்டுத் தைப்பார். வக்கீலிடம் நிலக்கரிக்காரர் வழக்கைக் கொடுப்பார். 1906-இல் எழுதிய முதல் சட்டதிட்டத்தில் இருந்த நோக்கங்கள் இரண்டே: உறுப்பினர்களின் தொழில் வளர்ச்சி, நட்பு. ஊருக்கு நன்மை செய்வது பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதை மாற்றியவர் சங்கத்தில் சேர மறுத்த ஒருவர். காப்புரிமை வழக்கறிஞரான டொனால்ட் கார்ட்டரை உறுப்பினராகக் கூப்பிட்டார்கள். சட்டதிட்டத்தைப் படித்துப் பார்த்த அவர், தங்களுக்குள் மட்டும் லாபம் பார்த்துக்கொள்ளும் சங்கம் நெடுநாள் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் நீங்களே உள்ளே வந்து அந்த வரியை எழுதுங்கள் என்று அழைத்தார்கள். மூன்றாவது நோக்கமாக நகர நலன் சேர்ந்தது.

அந்த மூன்றாவது நோக்கத்தின் முதல் பெரிய வேலை, பொதுக் கழிப்பறை.

1907-இல் சிகாகோ ரோட்டரிக்காரர்கள் நகரின் நடுவில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்கப் போனார்கள். யார் எதிர்ப்பார்கள் இதை? இரண்டு தரப்பு எதிர்த்தது. மதுபான உற்பத்தியாளர்கள், நகரில் உள்ள ஆயிரக்கணக்கான சாராயக் கடைகளில் ஆண்களுக்கு வசதி இருக்கிறதே என்றார்கள். பெரிய ஜவுளி அங்காடிக்காரர்கள், பெண்கள் எங்கள் கடைக்கு வந்து போகலாமே என்றார்கள். ஒதுங்க வருபவர் ஒரு குவளை குடிக்காமல் போவாரா, ஒரு முழம் துணி வாங்காமல் போவாரா என்பது கணக்கு. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1909-இல், நகர மண்டபத்தை ஒட்டிக் கழிப்பறை திறக்கப்பட்டது. நம் பேருந்து நிலையங்களில் கட்டணக் கழிப்பறையை ஏலம் எடுப்பவர்களின் அரசியலை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையில் அந்நியமாக எதுவும் தோன்றாது.

அடுத்து ரோட்டரி பரவிய வேகம் ஆச்சரியமானது. 1908-இல் சான் பிரான்சிஸ்கோ. 1910-இல் 16 சங்கங்கள் சேர்ந்து தேசிய அமைப்பு. 1911-இல் டப்ளின், லண்டன். பரவியது எதனால்? சேவை மனப்பான்மையால் என்று ஆண்டு மலர்களில் எழுதுவார்கள். விதிகளால் என்பதுதான் உண்மைக்கு அருகில் இருக்கும். நான்கு கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராவிட்டால் உறுப்பினர் இடம் போய்விடும் என்று கண்டிப்பான விதி இருந்தது. வெளியூர் போயிருந்தால் அங்குள்ள சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து, வந்ததற்கு ஒரு சீட்டு வாங்கி வந்து வருகையை ஈடுகட்ட வேண்டும். இதற்கு ‘மேக்கப்’ என்று பெயர். மதுரை வியாபாரி கொள்முதலுக்குப் பம்பாய் போனால், வேலையை முடித்த கையோடு அங்குள்ள சங்கக் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் போவார். அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. ஆனால் அதே மணி, அதே வரிசையில் நிகழ்ச்சி. திரும்பும்போது அந்தச் சங்கத்தின் சிறு கொடி ஒன்று பெட்டியில் இருக்கும். பழைய சங்கங்களின் சுவர்களில் வரிசையாகத் தொங்கும் முக்கோணக் கொடிகள் இப்படி வந்தவை.

தாமதமாக வந்தால் அபராதம். சின்னத்தை அணியாமல் வந்தால் அபராதம். பிறந்த நாளுக்கும் அபராதம், மகன் பரீட்சையில் தேறியதற்கும் அபராதம். சிரித்துக்கொண்டே கட்டும் இந்தத் தண்டத்தில் உண்டியல் நிறையும். அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் இதற்கென்றே ஒரு பதவி உண்டு: ‘டெயில் ட்விஸ்டர்’, சிங்கத்தின் வாலை முறுக்குபவர். சங்கத்தின் கொடி, மணி, பதாகை முதலிய உடைமைகளைப் பார்த்துக்கொள்பவர் ‘லயன் டேமர்’, சிங்கத்தைப் பழக்குபவர். ஐம்பதைத் தாண்டிய அரிசி ஆலை அதிபர் ஒருவரை மேடையில் ‘வால் முறுக்குபவர்’ என்று அறிவிக்கும்போது அவர் முகத்தில் தெரியும் வெட்கம் கலந்த பெருமிதத்தைப் பார்த்தவர்கள், இந்தச் சங்கங்கள் ஏன் அழியவில்லை என்பதைப் பாதி புரிந்துகொள்வார்கள்.

இந்தியாவுக்கு ரோட்டரி வந்தது கல்கத்தா வழியாக. 1919-இல் அங்கே கூடத் தொடங்கினார்கள். 1920 ஜனவரியில் சாசனம் கிடைத்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சென்னைக்கு வந்து சேர ஒரு தனி மனிதரின் அலைச்சல் தேவைப்பட்டது.

அவர் ஜேம்ஸ் வீலர் டேவிட்சன். கனடாவின் கால்கரி நகரத்துக்காரர். வட துருவ ஆய்வாளர் பியரியின் கிரீன்லாந்துப் பயணத்தில் போனவர், தைவானில் போர்ச் செய்தியாளராக இருந்தவர், அந்தத் தீவின் வரலாற்றைக் கனத்த நூலாக எழுதியவர். 1928 ஆகஸ்டில் மனைவி லில்லியன், மகள் மார்ஜரி ஆகியோருடன் கப்பலேறினார். மத்தியதரைக் கடலுக்கும் பசிபிக்குக்கும் நடுவில் சங்கங்களே இல்லாத பெரிய வெளி இருந்தது. அதை நிரப்புவது வேலை. சில மாதங்களில் முடியும் என்று கிளம்பிய பயணம் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீண்டது. தலைமையகம் கொடுத்த பணம் போதாமல் சொந்தப் பணத்தைப் பெருமளவு செலவழித்தார். ஏதென்ஸ், கெய்ரோ, ஜெரூசலேம், பம்பாய், தில்லி, சென்னை, கொழும்பு, ரங்கூன், சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று அவர் தொடங்கிய சங்கங்களின் பட்டியல், தமிழர்கள் பிழைக்கப் போன கடல்வழியின் வரைபடம் போலவே இருக்கிறது. சென்னையும் கொழும்பும் 1929-இல் தொடங்கியவை.

அந்த ஆண்டில் சென்னையில் கிளப் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியர் உள்ளே போக வேண்டுமானால் தட்டு ஏந்திப் பரிமாறப் போகலாம். அதற்கு மறுமொழியாக 1873-இல் வந்தது காஸ்மாபாலிட்டன் கிளப். சேப்பாக்கம் மைதானத்திலோ, ஆட்ட இடைவேளையில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் உண்ண, இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது என்றும், அந்த அவமானம்தான் 1888-இல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கக் காரணம் என்றும் சொல்வார்கள். யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது சிறிய விஷயம் இல்லை. ஆளுபவர்களுக்கும் அது தெரியும், ஆளப்படுபவர்களுக்கும் தெரியும், ஊருக்குள் பந்தி பிரித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

டேவிட்சன் போன இடமெல்லாம் இந்தச் சுவரில்தான் முட்டினார். ஆங்கிலேய அதிகாரியும் உள்ளூர் வியாபாரியும் ஒரே மேசையில் உணவருந்தும் சங்கம் இங்கே நடக்காது என்று அவரிடம் சொல்லப்பட்டது. மலாயாவில் ஆங்கிலேயர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் நால்வரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தார். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற பழைய விதி இங்கே புதிய வேலை செய்தது. இனத்தைக் கேட்காமல் தொழிலைக் கேட்டது. துறைமுக அதிகாரி ஒருவர், ஜவுளி வணிகர் ஒருவர், மருத்துவர் ஒருவர் என்று நாற்காலிகளைப் போட்டுவிட்டால், அதில் யார் உட்கார்ந்தாலும் அது தொழிலின் நாற்காலி.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே மேல்தட்டு, பேச்செல்லாம் ஆங்கிலம், ரிக்‌ஷாக்காரருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் அங்கே நாற்காலி இருந்ததில்லை. அவர்கள் செய்ததும் தொழில்தான்.

சேவை என்பதும் இங்கே புதிதில்லை. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், அன்னதானக் கட்டளை, ஊருணி வெட்டுதல் என்று தமிழ்நாட்டில் கல்வெட்டுக் காலம் முதல் இருப்பதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பெயரிலோ, ஒரு சாதியின் மகமையிலோ, ஒரு கோயிலைச் சுற்றியோ நடந்தது. செய்தவர் பெயர் கல்லில் இருக்கும், செய்வதற்காக யாரும் வாரா வாரம் கூடியதில்லை. ரோட்டரி பிறந்த அதே 1905-இல் புணேயில் கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். திருவல்லிக்கேணிப் பள்ளியின் தலைமையாசிரியர் சீனிவாச சாஸ்திரி வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். அது வாழ்நாளையே கேட்ட சேவை. ரோட்டரி கேட்டது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். கடையையும் கட்சிக்காரர்களையும் விட்டுவர முடியாதவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தாங்கக்கூடிய விலையாக இருந்தது.

இந்தச் சங்கங்களை எல்லாரும் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. 1922-இல் சின்கிளேர் லூயிஸ் எழுதிய ‘பாபிட்’ நாவல் இத்தகைய சங்கக்காரர்களைக் கிழித்துத் தொங்கவிட்டது. சென்னைச் சங்கம் பிறந்த 1929-இலேயே, கத்தோலிக்கப் பாதிரியார்கள் ரோட்டரியில் சேருவது தகாது என்று வத்திக்கான் அறிவித்தது. இது ஏதோ ரகசியச் சங்கம் என்ற சந்தேகம் அதற்கு இருந்தது. 1937-இல் நாஜி ஆட்சியில் ஜெர்மனியின் சங்கங்கள் கலைந்தன. 1940-இல் ஜப்பானியச் சங்கங்கள் உலக அமைப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. விலகிய பிறகும் டோக்கியோவில் ‘புதன்கிழமைச் சங்கம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே நாளில் கூடினார்கள். பெயர் போனது, சின்னம் போனது, கிழமை மட்டும் நின்றது.

அரிமாக்களின் கதை வேறு. 1917-இல் அதே சிகாகோவில், காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் என்பவர், வியாபாரச் சங்கங்களை ஒன்றாகச் சேர்த்து, லாபத்தை விட்டுச் சேவையை மட்டும் செய்யலாம் என்று தொடங்கியது லயன்ஸ். 1925-இல் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட்டில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையும் செவியும் இல்லாத அவர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாறக்கூடாதா என்று அந்தச் சபையிடம் கேட்டார். அந்த ஒரு கேள்வி லயன்ஸ் இயக்கத்தின் திசையை முடிவு செய்தது. ஐந்து ஆண்டு கழித்து, இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகர லயன்ஸ் சங்கத்துக்காரர் ஒருவர், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் தவிப்பதைப் பார்த்தார். அவர் கையில் இருந்த கறுப்புக் கம்பு வண்டிக்காரர்கள் கண்ணில் படவில்லை. அதற்கு வெள்ளை பூசலாமே என்று தோன்றியது. இன்று உலகெங்கும் வெள்ளைக் கம்புக்கு உள்ள மதிப்பில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1956-இல் பம்பாயில் லயன்ஸ் காலூன்றியது. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதற்கு ஓர் அழகான பெயர் கிடைத்தது: அரிமா. ரோட்டரிக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் அது. ‘சுழற்சங்கம்’ மேடையை விட்டு இறங்கவில்லை. ‘அரிமா’ அழைப்பிதழிலும் கடைப் பெயர்ப் பலகையிலும் ஏறிவிட்டது.

தமிழ்நாட்டு மக்கள் இந்தச் சங்கங்களை அறிந்தது கூட்டங்களால் அல்ல, கண் முகாம்களால். 1960-களில் மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டவர் அவர். 58 வயதில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கண்டறிந்த ஒரு விஷயம் முக்கியமானது. சிகிச்சை இலவசம் என்றாலும் கிராமத்துப் பெரியவர்கள் வருவதில்லை. பேருந்துக் கட்டணம், வழியில் சாப்பாடு, துணைக்கு வரும் மகனின் ஒரு நாள் கூலி எல்லாம் யார் கொடுப்பார்கள்? இலவசத்துக்கும் ஒரு விலை இருந்தது.

அந்த விலையை ஏற்றவர்கள் உள்ளூர்ச் சங்கத்துக்காரர்கள். மருத்துவமனையும் சங்கமும் வேலையைப் பிரித்துக்கொண்டன. டாக்டர், செவிலியர், கருவிகள் மருத்துவமனைப் பொறுப்பு. இடம், விளம்பரம், சாப்பாடு, ஆள் திரட்டுதல் சங்கத்தின் பொறுப்பு. சனிக்கிழமை ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிப்பார்கள். ஞாயிறு காலை பள்ளிக்கூட வராந்தாவில் தலைகீழும் பக்கவாட்டுமாக ஆங்கில ‘இ’ எழுத்து அச்சிட்ட அட்டையைத் தொங்கவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி, எழுத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். அடுத்த மேசையில் ரத்த அழுத்தம், அதற்கடுத்து சர்க்கரை. புரை உண்டென்று தெரிந்தவர்களுக்குச் சட்டையில் சீட்டுக் குத்தி, பொட்டலச் சாப்பாடு கொடுத்து, அன்றே பேருந்தில் ஏற்றி அனுப்புவார்கள். அறுவை முடிந்து அதே பேருந்தில் திரும்பி வருவார்கள். வரும்போது இறங்கும் இடத்தில் சங்கத்துக்காரர் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நிற்க வேண்டும்; இது எழுதாத விதி.

முன்பெல்லாம் அறுவையையும் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ செய்தார்கள். தொற்று அச்சத்தால் பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுக்க முடிந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையில் அரவிந்தின் தயாரிப்புக் கிளையான ஆரோலேப் தொடங்கி லென்ஸை இங்கேயே தயாரித்ததும் விலை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது; முகாமுக்கு வந்தவர்களுக்கும் லென்ஸ் கிடைத்தது. இந்தக் கதையில் டாக்டர் வெங்கடசாமிக்கு உரிய புகழ் கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை நாலு மணிக்கு எழுந்து இருநூறு பேருக்குச் சாம்பார் சாதம் கிண்டவைத்த ஜவுளிக்கடை முதலாளிக்கு ஃப்ளெக்ஸ் மட்டும்தான்.

தஞ்சாவூருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1962 நவம்பரில் பள்ளி மாணவர்களுக்கான ரோட்டரி அமைப்பான இன்டராக்ட், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 23 மாணவர்களோடு தொடங்கியது. உலகின் இரண்டாவது இன்டராக்ட் சங்கம் தொடங்கியது தஞ்சாவூரில். அந்த ஆண்டு உலக ரோட்டரியின் தலைவர் கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் சந்திர லாஹிரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர்.

இத்தனை பேரையும் மேசைக்கு அழைத்தவர்கள் பெண்களை அழைக்கவில்லை. மனைவியரை அழைத்தார்கள், விருந்துக்கு. நம் ஊர் அழைப்பிதழ்களில் உறுப்பினரின் மனைவியை ‘ஆன்’ என்றும் பிள்ளைகளை ‘ஆனெட்’ என்றும் போடுவதைப் பார்த்து, இது என்ன பெயர் என்று விழித்தவர்கள் உண்டு. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹூஸ்டன் மாநாட்டுக்குப் போன தனி ரயிலில் இருந்த ஒரே பெண், உறுப்பினர் ஒருவரின் மனைவியான ஆன் புரூனியர். பயணத்தில் அவரை ‘ரோட்டரி ஆன்’ என்று கேலியாக அழைத்தார்கள். அந்தக் கேலி கடல் தாண்டி வந்து, காரைக்குடி மீனாட்சியையும் தேனி செல்வியையும் ஆன் ஆக்கிவிட்டது.

1977-இல் கலிபோர்னியாவின் துவார்த்தே என்ற சிற்றூரில், ஆள் குறைந்து தள்ளாடிய சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் மறு ஆண்டே சங்கத்தை வெளியேற்றியது. துவார்த்தேக்காரர்கள் அசரவில்லை, ‘முன்னாள் ரோட்டரி’ என்று பெயர் வைத்துக்கொண்டு கூடியபடியே வழக்கையும் நடத்தினார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில் பெண்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு லயன்ஸும் கதவைத் திறந்தது. 1989-இல் ரோட்டரி தன் சட்டத்தில் இருந்த ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்தது. முதல் பெண் உலகத் தலைவர் வருவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு போலியோ. 1979 செப்டம்பரில் மணிலாவில் ரோட்டரியின் அன்றைய உலகத் தலைவர் ஜேம்ஸ் போமர் ஒரு குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டதில் தொடங்கியது. பிலிப்பைன்ஸில் 60 லட்சம் குழந்தைகளுக்கான திட்டம் அது. 1985-இல் உலகம் முழுவதுக்கும் என்று அறிவித்து 12 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள். 1988-க்குள் இரண்டு மடங்குக்கு மேல் சேர்ந்தது. பணம் சேர்ந்துவிட்டது. இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்கிருமியியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான், வழக்கமான மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதுமான பாதுகாப்பைத் தரவில்லை என்று ஆய்வில் கண்டார். ஒரே சமயத்தில் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற முறையை வேலூரில் செய்து காட்டினார். அதுவே 1995-இல் நாடு தழுவிய பல்ஸ் போலியோ ஆனது.

ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால், ஒரே நாளில் எல்லாத் தெருவிலும் ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் முதுகெலும்பு. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பேருந்து நிலைய மூலையில் ஷாமியானா போட்டவர், ஐஸ் பெட்டி வெயிலில் இருக்கிறதா என்று பார்த்தவர், ‘போன வாரம்தானே போட்டோம்’ என்று நகரும் தகப்பனை மறித்துப் பேசியவர், குழந்தையின் இடது சுண்டு விரல் நகத்தில் மை வைத்தவர் என்று பார்த்தால், மஞ்சள் தொப்பியோடு ஒரு நகைக்கடைக்காரரோ ஆடிட்டரோ இருப்பார். வேறு எந்த நாளும் அவர் அந்தப் பேருந்து நிலையத்தில் காலை வைத்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2009-இல்கூட நாட்டில் 741 பேருக்கு நோய் இருந்ததை நினைத்தால் அது எத்தகைய வேகம் என்று தெரியும். 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது.

இந்தச் சங்கங்கள் மீது உள்ள குறைகள் ஊரறிந்தவை. ஒரு பிளாஸ்டிக் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேர் படம் எடுத்துக்கொள்வது. பெற்றுக்கொள்பவரின் முகத்தைப் பத்திரிகையில் போடுவது. சங்கங்களின் அடுத்த மாவட்ட ஆளுநர் யார் என்று சட்டமன்றத் தேர்தலைப் போல அணி பிரிந்து மோதுவது. நட்ட மரக்கன்றுக்கு நட்டவர் மறுபடி தண்ணீர் ஊற்றினாரா என்று எந்த ஆண்டறிக்கையும் சொல்வதில்லை. மறுபக்கம், கொங்கு நாட்டின் பல ஊர்களில் எரிவாயு மயானங்களை இவர்கள் கட்டிப் பராமரிக்கிறார்கள். சென்னை தரமணியில் ரோட்டரியின் பெயரோடு இயங்கும் ரத்த வங்கி இருக்கிறது. மயானத்தின் முன்னால் குடம் பிடித்தபடி யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது.

2016-இல் ரோட்டரியின் சட்டமன்றம் நெடுங்கால விதி ஒன்றைத் தளர்த்தியது. வாரா வாரம் கூட வேண்டாம், மாதம் இருமுறை போதும். இளைஞர்களுக்கு நேரமில்லை, வருகைக் கண்டிப்பு ஆட்களை விரட்டுகிறது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் சிகாகோவின் கழிப்பறையும், சென்னையின் கலப்பு மேசையும், மதுரையின் கண் முகாமும், பேருந்து நிலையத்து ஐஸ் பெட்டியும் முன்கூட்டித் திட்டமிட்டு வந்தவை அல்ல. வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்ப முகம் பார்த்துக்கொண்டவர்கள், பேச்சு தீர்ந்த ஒரு நாளில், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எடுத்த வேலைகள். சேவை செய்ய இன்று ஆயிரம் தொண்டு நிறுவனங்கள் உண்டு, செல்பேசியில் நன்கொடையும் அனுப்பலாம். வேறு வேறு தொழில்காரர்களைக் கட்டாயமாக ஒன்றாக உட்காரவைக்கும் இடம்தான் ஊரில் குறைவு.

யூனிட்டி கட்டடத்தை 1989-இல் இடித்துவிட்டார்கள். 711-ஆம் அறையை மட்டும் கழற்றிக் கொண்டுபோய், எவன்ஸ்டன் நகரத்துத் தலைமையகத்தில் அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மிகச் சிறிய அறை. அடுத்த ஜூலையில் யாராவது உங்களிடம் பதவியேற்பு அழைப்பிதழை நீட்டினால், திட்டப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், எந்தக் கிழமை கூடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.